இடைவெளியும் எண்ணெயும்: வால்வுத் தூக்கியின் வரலாறு

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் அமைந்த சம்பூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மக்களுக்கு நன்கு பழக்கமான இயந்திரங்கள் இரண்டு. ஒன்று வயலில் ஓடும் உழவு இயந்திரம். மற்றொன்று வள்ளத்தைச் செலுத்தும் வெளியிணைப்பு இயந்திரம். நெடுங்காலமாக மீனவரிடையே வழங்கிவரும் ஈரடிப்பு வெளியிணைப்பு இயந்திரத்தில் தூக்கி இயக்க வேண்டிய வால்வு இல்லை. உருளையின் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. நாலடிப்பு வகையைச் சேர்ந்த உழவு இயந்திரத்திலோ, காற்றுப் புகுவதற்கும் புகை வெளியேறுவதற்கும் வால்வுகள் உண்டு. அவற்றை உரிய கணத்தில் திறக்கும் ஏற்பாட்டில் ஒரு சிறு இடைவெளி வேண்டுமென்றே விடப்படுகிறது. அவ்விடைவெளியை மனிதன் பேணுவதா, எண்ணெய் பேணுவதா என்பது மோட்டார் வரலாற்றில் நூறாண்டுக்கு மேலாக நிலவிவரும் வினாவாகும். வயலிலே மெல்ல ஓடும் உழவு இயந்திரத்துக்கும், நிமிடத்துக்கு 9,000 முறை சுழலும் பந்தயக் காரின் இயந்திரத்துக்கும் இவ்வினா பொதுவானது.

இடைவெளி எதற்கு என்பதை முதலில் அறிதல் வேண்டும். நாலடிப்பு இயந்திரத்தின் முதன்மைத் தண்டு இருமுறை சுழலும்போது காம் தண்டு ஒருமுறை சுழலும். காம் தண்டின் புடைத்த பகுதி வால்வுத் தூக்கியை உயர்த்தும். தொழிலாளர் இதனை டப்பெட் என்பர். தூக்கி தள்ளுகோலை உயர்த்த, தள்ளுகோல் றொக்கர் என்னும் சிறு துலாவை அசைக்க, துலாவின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். காம் விலகியதும் சுருள்வில் வால்வை மூடும். இயந்திரம் சூடேறும்போது வால்வின் தண்டு நீள்கிறது. குளிர்ந்த நிலையில் இடைவெளி விடாதிருப்பின், சூடேறிய பின்னர் வால்வு தன் இருக்கையில் முற்றாக அமராது. வால்வு தான் பெற்ற வெப்பத்தின் பெரும்பகுதியை அவ்விருக்கை வழியாகவே உருளைத் தலைக்குக் கொடுக்கின்றது; ஆதலின், இருக்கையில் அமராத வால்வு விரைவில் எரிந்து கெடும். இடைவெளி மிகினும் தீங்கே. தட்டொலி எழும், உறுப்புகள் தேயும், வால்வு திறக்கும் அளவும் குறையும்.

இலங்கையின் வீதிகளில் ஒரு காலத்தில் பெருவழக்காயிருந்த மொறிஸ் மைனர் காரில் இவ்விடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்காகும். மெல்லிய அளவுத் தகட்டை இடைவெளியிற் செலுத்தி, திருகாணியைத் திருப்பி, தகடு சிறிது பற்றியும் பற்றாமலும் நகரும் நிலையில் அதனை இறுக்குவது மெக்கானிக்கின் கைத்திறன். உருளைத் தலையிலிருந்து எழும் ஒலியைக் கேட்டே எந்த வால்வு தளர்ந்துள்ளது என்று கூறவல்ல தொழிலாளரும் இருந்தனர். திண்மத் தூக்கி எனப்படும் இப்பழைய முறை எளியது, மலிவானது. ஆயினும், குறித்த காலந்தோறும் ஒருவர் அதனைக் கவனித்தே ஆகவேண்டும்.

அக்கவனத்தை மனிதனிடமிருந்து நீக்கி எண்ணெயிடம் ஒப்படைக்கும் எண்ணம் பிரான்சில் தோன்றியது. அமெடே பொலே என்னும் பொறியியலார் 1910ஆம் ஆண்டினை ஒட்டித் தம் கார்களில் நீரியல் தூக்கியைக் கையாண்டார். எனினும், 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கடிலாக் நிறுவனம் வெளியிட்ட 16 உருளைக் காரிலேயே இம்முறை பெயர்பெற்றது. செல்வர்க்கென ஆக்கப்பட்ட அக்காரில் இயந்திரத்தின் ஒலியை அடக்குவதே நோக்கம், வேகம் அன்று. தொடக்கத்திலேயே அமைந்த இந்நோக்கத்தை நினைவிற் கொண்டால் பின்னர் நிகழ்ந்தவை எளிதில் விளங்கும்.

நீரியல் தூக்கி அமைந்திருக்கும் முறை நுட்பமானது. சிறு கிண்ணம் போன்ற உடலினுள்ளே ஒரு தண்டு நகர்கிறது. அதன் அடியில் ஒரு சிற்றறையும், அவ்வறையின் வாயிலில் எண்ணெயை உள்ளே மட்டும் விடும் ஒரு குண்டு அடைப்பும் உண்டு. வால்வு மூடியிருக்கும் வேளையில் இடைவெளி தோன்றுமாயின், உள்ளிருக்கும் மெல்லிய வில் தண்டை உயர்த்தி அதனை நிரப்பும். எண்ணெய் அறையுள் புகும். காம் அழுத்தும்போது அடைப்பு மூடிக்கொள்ளும். எண்ணெய் அமுங்காத பொருளாதலின், தூக்கி அக்கணம் திண்மப் பொருள்போல நின்று வால்வைத் திறக்கும். சிறிதளவு எண்ணெய் ஒவ்வொரு முறையும் கசிய விடப்படுவதால், வெப்பத்தால் வால்வு நீளினும் தூக்கி தன் நீளத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இவ்வாறு இடைவெளி எப்போதும் இன்மையாகவே பேணப்படுகிறது. தகடும் வேண்டா, திருகாணியும் வேண்டா.

இத்துணை நன்மை வாய்ந்த கருவியை விரைவு இயந்திரம் ஏற்க மறுத்தது ஏன்? நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும் இயந்திரத்தில் ஒவ்வொரு வால்வும் ஒரு வினாடியில் 50 முறை திறந்து மூடுகிறது. வேகம் இருமடங்காயின், வால்வையும் அதனோடு இணைந்த உறுப்புகளையும் காமின் வழியே நடத்துவதற்கு வேண்டிய விசை நான்கு மடங்காகும். ஓர் எல்லைக்கு அப்பால் சுருள்வில்லின் வலிமை போதாது. வால்வின் இயக்க உறுப்புகள் காமைவிட்டு ஒரு கணம் பறக்கின்றன. திண்மத் தூக்கியாயின் அவை மீண்டும் காமின்மீது விழுந்து மோதும். சற்று வேகம் தணிந்ததும் முன்போல இயங்கும். நீரியல் தூக்கியோ, அப்போது தோன்றும் வெற்றிடத்தை இயல்பான இடைவெளியென்று கருதி நீண்டுவிடும். எண்ணெய் உள்ளே புகுந்து அடைபடும். நீண்ட தூக்கி வால்வை மூடவிடாது. இயந்திரம் வலுவிழக்கும், பிஸ்டன் வால்வில் மோதவும் கூடும். மேலும், மிகு வேகத்தில் கடையப்பட்ட எண்ணெயில் காற்றுக்குமிழ் கலக்கும். குமிழ் கலந்த எண்ணெய் அமுங்கும், திண்மம்போல நில்லாது. பணிவுடன் இடைவெளியை நிரப்பும் குணமே ஓரிடத்தில் நன்மையாகவும் மற்றோரிடத்தில் தீமையாகவும் முடிவது ஈண்டு நோக்கத்தக்கது.

இப்பிரிவினை இரண்டாம் உலகப் போர்க்கால விமான இயந்திரங்களிலும் காணலாம். நிமிடத்துக்கு 2,300 சுற்றில் 65 குதிரைவலு தந்த கொண்டினென்டல் ஏ-65 என்னும் சிறு விமான இயந்திரம் நீரியல் தூக்கியை உடையது. பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் பறப்பவருக்கு அடிக்கடி சரிபார்க்க வேண்டாத இயந்திரம் உவப்பானது. போர் விமானத்தின் நிலை வேறு. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியக் கப்பல் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கியபோது, சீனன்குடா விமானத் தளத்திலிருந்து எழுந்து எதிர்த்தவை 261ஆம் அணியின் ஹறிக்கேன் விமானங்கள். அவற்றின் றோல்ஸ் றோயிஸ் மேர்லின் இயந்திரம் 27 லீற்றர் கொள்ளளவும் 12 உருளைகளும் 48 வால்வுகளும் கொண்டது. நிமிடத்துக்கு 3,000 சுற்று வரை செல்வது. அத்துணைப் பெரிய இயந்திரத்துக்கு அது மிகு வேகமே. அதன் வால்வுகளை மேலமைந்த காம் தண்டு துலாக்களின் வழியாக நேரே இயக்கியது. இடைவெளியைத் திருகாணியால் மனிதரே அமைத்தனர். வானில் போரிட்ட ஒவ்வொரு விமானிக்கும் பின்னால், தரையில் நின்று 48 இடைவெளிகளை அளந்த தொழிலாளர் இருந்தனர் என்பதை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை.

போருக்குப் பின்னர் அமெரிக்காவில் நீரியல் தூக்கி பெருகியது. 1949ஆம் ஆண்டில் கடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபீலும் வெளியிட்ட எட்டு உருளை இயந்திரங்கள் அதனைப் பொதுமக்களின் கார்களுக்குக் கொண்டுவந்தன. இரு முறைகளும் ஒரே கூரையின்கீழ் நின்றதற்கு 1957ஆம் ஆண்டின் செவ்ரலே கோர்வெட் சிறந்த சான்று. 283 கன அங்குலக் கொள்ளளவும் எரிபொருள் பாய்ச்சும் அமைப்பும் பொதுவாயிருக்க, நீரியல் தூக்கி உடைய இயந்திரம் 5,000 சுற்றில் 250 குதிரைவலுவும், திண்மத் தூக்கி உடையது 6,200 சுற்றில் 283 குதிரைவலுவும் தந்தன. காமின் வடிவும் அமுக்க விகிதமும் வேறுபட்டமையால் இவ்வேறுபாடு முழுவதையும் தூக்கியின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. ஆயினும், அந்தக் கூடுதல் 1,200 சுற்றை எட்டுவதற்கு அந்நிறுவனம் பழைய தூக்கியையே நாடியது என்பது தெளிவு.

ஐரோப்பியர் வேறு வழியில் சென்றனர். 1948ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாகுவாரின் எக்ஸ்.கே. இயந்திரம் காம் தண்டுகளை உருளைத் தலையின்மேல் ஏற்றித் தள்ளுகோலை ஒழித்தது. இடைவெளி சிறு தகடுகளால் அமைக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பந்தயக் கார் வால்வை மூடுவதற்கும் காமையே பயன்படுத்திச் சுருள்வில்லின் தொல்லையை நீக்கியது. 1964 முதல் விற்கப்பட்ட போர்ஷே 911 ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு இடைவெளியை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருகாணியாலேயே பேணியது.

தென்னாட்டிலும் இலங்கையிலும் பந்தயக் கார் என்பது பெரும்பாலும் மாற்றியமைக்கப்பட்ட வீதிக் காராகவே இருந்தது. நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியும், சென்னைக்கு அருகே போர்க்கால விமான ஓடுதளமாயிருந்த சோழவரத்தில் நடைபெற்ற பந்தயங்களும் அத்தகைய கார்களை ஓடவிட்டன. மொறிஸ், பியட், ஸ்டாண்டர்ட் முதலிய அக்கால வண்டிகள் திண்மத் தூக்கி உடையன. ஆதலின், வலிய சுருள்வில்லையும் வேறு காமையும் பொருத்தி, இடைவெளியைத் திருத்தி, வேக எல்லையை உயர்த்துவது உள்ளூர்ப் பட்டறைக்கும் இயல்வதாயிற்று. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் உருவாக்கிய பார்முலா மாருதி என்னும் சிறு பந்தயக் காரும், மாருதி 800இன் 796 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தையே கொண்டது. அதன் வால்வு இடைவெளியும் திருகாணியால் அமைப்பதே. செல்வ நாடுகளின் பந்தயக் கலையை எளிய பட்டறைகள் கற்றுக்கொள்வதற்கு இத்திருகாணி ஒரு வாயிலாக அமைந்தது எனல் மிகையன்று.

1980ஆம் ஆண்டுகளின் பின் நீரியல் தூக்கி வீதிக் கார்களிடையே பரந்து பரவியது. வேகக் கார்களும் படிப்படியாக அதனை ஏற்றன. போர்ஷே 911 1993ஆம் ஆண்டில் அதற்கு மாறியது. 2000ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. எம்-3 தகடுகளால் இடைவெளி அமைத்திருக்க, 2007ஆம் ஆண்டின் எம்-3 நீரியல் தூக்கியுடனேயே 8,300 சுற்றில் தன் முழு வலுவைத் தந்தது. உறுப்புகளை இலேசாக்கியமையும் தள்ளுகோல் ஒழிந்தமையும் இதற்குத் துணைநின்றன. 1999ஆம் ஆண்டில் 9,000 சுற்றை எட்டிய ஹொண்டா எஸ்-2000 பழைய திருகாணியைக் கைவிடவில்லை.

இனிப் பழைய முறைக்கு இடமில்லை என்று கருதத்தக்க வேளையில் வரலாறு திரும்பியது. 2013ஆம் ஆண்டின் போர்ஷே 911 ஜி.ரி.3 நீரியல் ஏற்பாட்டுடன் 9,000 சுற்றை எட்டியது. ஆனால், 2017ஆம் ஆண்டில் அதே காருக்கு ஆக்கிய 4 லீற்றர் இயந்திரத்தில் அந்நிறுவனம் நீரியல் உறுப்பை நீக்கித் திண்ம ஏற்பாட்டை மீண்டும் வைத்தது. இடைவெளி தொழிற்சாலையில் ஒருமுறை தகட்டினால் நுட்பமாக அமைக்கப்படும். பின்னர்த் திருத்த வேண்டுவதில்லை. உலோகமும் கடைசலும் அத்துணைச் செம்மை பெற்றமையால், காலந்தோறும் வேண்டியிருந்த மனிதக் கவனம் பிறப்பிலேயே ஒருமுறை செலுத்தப்படுவதாயிற்று.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குவார்க்குப் புதியது பழையதை வென்றது என்றோ, பழையதே சிறந்தது என்றோ தீர்ப்புக் கூற இயலாது. மெல்ல ஓடும் உழவு இயந்திரமும் மிக விரைந்தோடும் பந்தயக் காரும் திண்மத் தூக்கியையே நாடின. முன்னதற்கு எளிமையும் உறுதியும் வேண்டியிருந்தன. பின்னதற்கு வேகத்தில் பிறழாமை வேண்டியிருந்தது. இடையில் நின்ற வீதிக் காருக்கே அமைதி தேவையாயிற்று. அதனை எண்ணெய் அளித்தது. ஆகவே, ஒரு கருவியை மதிப்பிடுவோர் அதன் வயதை வினவுதல் போதாது. அது எந்த வேலைக்கு, எந்த வேகத்தில், யாருடைய கவனத்தை நம்பி ஆக்கப்பட்டது என்று வினவுதல் வேண்டும். எண்ணெய் ஏற்றுக்கொண்ட கவனம் மனிதரின் உழைப்பைக் குறைத்தது. அதனோடு செவியாலும் விரலாலும் இயந்திரத்தை அறியும் கல்வியும் குறைந்தது. அக்கல்வியை இளைஞர் சிலரேனும் கற்று வைத்திருத்தல் நன்று; 2017ஆம் ஆண்டின் பொறியியலாளருக்கு வேண்டியிருந்ததும் அதுவே.