ஸ்லம், சேரி, ஜோபட்பட்டி: தாராவியின் பெயர்களும் அவற்றின் விளைவுகளும்

1909ஆம் ஆண்டு பம்பாய் அரசிதழ்த் தொகுப்பு, அத்தீவின் ஆறு பெரிய கோலி மீனவர் குடியிருப்புகளுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த கல்பனா சர்மாவின் நூல், அதே தாராவியை ‘ஆசியாவின் மிகப் பெரிய ஸ்லம்’ என்று துணைத்தலைப்பில் சுட்டுகிறது. இவ்விரு பெயர்களுக்கும் இடையே 91 ஆண்டுகள். தோல் பதனிடும் தொழிலோடு வந்த திருநெல்வேலித் தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும், குஜராத்திலிருந்து வந்த குயவர்களும் அங்கு ஊர்களை அமைத்தனர்; 1887இல் பெரிய பள்ளிவாசலும் 1913இல் கணேசர் கோயிலும் எழுந்தன. இத்தனையையும் ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்ட ‘ஸ்லம்’ எங்கிருந்து வந்தது, எதையெல்லாம் குறித்தது என்று பார்ப்பது பயனுடையது.

அச்சொல்லின் பிறப்பிடம் இலண்டன் திருடர்களின் குழூஉக்குறி. தண்டனை பெற்று ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் 1812இல் தொகுத்த அகராதியில் அதற்கு ‘அறை’ என்றே பொருள். அறை சந்தாயிற்று, சந்து ஒரு வட்டாரமாயிற்று. 1850இல் கர்தினால் வைஸ்மன் வெஸ்ட்மின்ஸ்டரின் வறிய தெருக்களை இச்சொல்லால் சுட்டியபின் அது நாளிதழ்களிலும் நாடாளுமன்றத்திலும் புழங்கலாயிற்று. 1880களில் செல்வந்தர் வேடிக்கை பார்க்க அத்தெருக்களுக்குச் செல்வதைக் குறிக்கும் வினைச்சொல்லும் உருவாகிவிட்டது. இடத்தைக் குறித்த பெயர், அங்கு வாழ்வோரின் ஒழுக்கத்தையும் தூய்மையையும் பற்றிய தீர்ப்பாக மாறியது இக்காலத்தில்தான்.

பம்பாயில் அத்தீர்ப்பு நிர்வாகத்தின் கருவியாயிற்று. 1896இல் பிளேக் நோய் பரவியபின் 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. நகரின் நடுவே ‘சுகாதாரக் கேடான’ பகுதிகளை இடித்த அதே அமைப்பு, வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற சாலைகளும் மனைகளும் வகுத்தது. அம்மனைகளில் தென்னிந்திய நடுத்தர வர்க்கம் குடியேறியது. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றியது. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே கிடப்பவை இருப்புப்பாதைகள் மட்டுமே. இருபுறமும் தமிழ் பேசப்பட்டது. ஒருபுறம் திட்டமிட்ட நகரின் வரைபடத்துக்குள் வந்தது; மறுபுறம் அதற்கு வெளியே நின்றது.

1971ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டம் ‘ஸ்லம்’ என்பதற்கு மற்றொரு பொருளைத் தந்தது. அதன்படி, வசதியின்மை, நெரிசல், அசுத்தம் ஆகியவற்றால் மக்கள் நலத்துக்கு ஆபத்தானது என்று அதிகாரி கருதும் பகுதியை ‘ஸ்லம்’ என அறிவிக்கலாம். அதாவது அது நிலைமையின் பெயராக மட்டும் இராமல், அரசு வழங்கும் ஒரு தகுதியாகவும் ஆயிற்று. அறிவிக்கப்பட்ட பகுதியில் உரிய அதிகாரியின் அனுமதியின்றிக் குடியிருப்போரை வெளியேற்ற வழக்குத் தொடுக்க முடியாது என்ற காப்பும் அச்சட்டத்திலேயே உண்டு. வசையாக வந்த சொல் கேடயமாகவும் பயன்பட்டது இப்படித்தான்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? உடனே நாவில் வருவது ‘சேரி’. ஆனால் அச்சொல்லின் வரலாறு வேறு. தொல்காப்பியத்தின் ‘சேரிமொழி’ மக்கள் வழக்கைக் குறிக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் ஊரின் பிரிவுகளே பன்னிரண்டு சேரிகள். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, ஈழச்சேரி ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இடம்பெறுகின்றன. பொதுப்பெயராக இருந்தது, காலப்போக்கில் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டோரின் குடியிருப்பு என்ற ஒரே பொருளுக்குச் சுருங்கியது. ஆகவே ‘ஸ்லம்’ என்பதைச் ‘சேரி’ எனப் பெயர்க்கும்போது வறுமையைப் பற்றிய சொல்லுக்குள் சாதி சொல்லாமலே புகுந்துவிடுகிறது. தாராவியின் இஸ்லாமியரும் குயவரும் கோலிகளும் அதில் மறைந்துபோகின்றனர்.

தமிழக அரசு 1970இல் வேறு வழியை மேற்கொண்டது. ஆங்கிலப் பெயரில் ‘ஸ்லம்’ அகற்றும் வாரியம். தமிழ்ப் பெயரில் ‘குடிசை மாற்று வாரியம்’. அகற்றுவது மாற்றுவதாயிற்று, இழிவு நீங்கிக் கட்டடப் பொருள் மட்டும் எஞ்சியது. 2021இல் அது ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆனது. மராத்தியின் ‘ஜோபட்பட்டி’யும் குடிசை வரிசை என்றே பொருள்படும். ஆனால் இன்றைய தாராவியில் குடிசையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்; அங்குள்ளவை பெரும்பாலும் மாடி ஏற்றிய கல்வீடுகளும் பட்டறைகளும்.

மும்பையில் வழங்கும் ‘கேம்ப்’ என்ற சொல்லையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். தேசப் பிரிவினைக்குப்பின் சிந்தி அகதிகள் தங்கவைக்கப்பட்ட செம்பூர் கேம்ப், நாளடைவில் நடுத்தர வர்க்கக் குடியிருப்பாயிற்று. தாராவியிலுள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப், மராத்திய மக்கள் பாடகர் அண்ணாபாவு சாத்தே வாழ்ந்த உழைப்பாளர் குடியிருப்பு. அது ‘ஸ்லம்’ வரைபடத்துக்குள் சேர்ந்தது. செம்பூரை அடுத்த டிராம்பேயின் சீத்தா கேம்ப், 1976இல் நெருக்கடிநிலைக் காலத்தில் ஜனதா காலனியை இடித்து, தமிழர் பலர் உள்ளிட்ட அதன் மக்களைக் கொண்டுபோய் விட்ட இடம். சொல் ஒன்று, அகதிக்கும் தொழிலாளிக்கும் வெளியேற்றப்பட்டவருக்கும் அரசு காட்டிய முகம் வேறு.

ஜனதா காலனிக்காகப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். 1970களின் நடுவில் அவர் தொடங்கிய அமைப்பின் பெயரில் ‘ஸ்லம்’வாசிகள் என்ற சொல்லையே தயங்காமல் வைத்தார். ஆலன் கில்பர்ட் 2007இல், இச்சொல் ஐ.நா. ஆவணங்களுக்குத் திரும்பியதால் இடிப்போரின் கை வலுப்படும் என்று எச்சரித்தார். இருவர் கூற்றும் முரணானவை அல்ல. அதிகாரி சொல்லும்போது அது இடத்தின் மீதான தீர்ப்பு. வாழ்வோர் சொல்லும்போது அரசின் மீதான உரிமைக்கோரல்.

இன்றைய தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் இவ்வேறுபாடு சதுர அடிகளாக மாறியுள்ளது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்வோருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் குடியிருப்போருக்கு அதே உரிமை இல்லை, அவர்களுக்கான வீடு தாராவிக்கு வெளியே. கோலிவாடா மக்களோ தங்கள் ஊர் ‘ஸ்லம்’ அன்று, பழைய மீனவர் ஊர் என்று வாதிடுகின்றனர். ஒரே சந்தில் ஒருவர் அச்சொல்லை மறுத்தால்தான் நிலம் மிஞ்சும். மற்றவர் அதை ஏற்றால்தான் வீடு கிடைக்கும்.

எனவே ‘ஸ்லம்’ என்பதற்கு நிலையான ஒரு தமிழ் நிகரனைத் தேடுவது வீண்வேலை. சட்ட ஆவணத்தில் அதைச் சட்டச்சொல்லாகவே காட்ட வேண்டும். வரலாற்றில் கோலிவாடா, கும்பார்வாடா, லேபர் கேம்ப் என அந்தந்த ஊரின் பெயரையே எழுத வேண்டும். ‘சேரி’ என்ற சொல்லைச் சாதியைப் பற்றிப் பேசும்போது, அதை அறிந்தே பயன்படுத்த வேண்டும்.