ரொறன்ரோவில் ஆடிய தொட்டில்

ஸ்படைனாவில் 510 ஸ்ட்ரீட்கார் ஒரு பழைய கட்டடத்தைச் சுற்றிப் போகுமே, கவனித்திருக்கிறீர்களா? 1950களில் அங்கே கொனோட் ஆய்வுகூடம் இயங்கியது.

அமெரிக்காவில் ஜோனாஸ் சோல்க் போலியோத் தடுப்பூசியை உருவாக்கியிருந்தார். ஆனால் 1954இல் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட்டுச் சோதிக்க, ஆயிரக்கணக்கான லீற்றர் வைரஸ் திரவம் வேண்டும். சோதனைக் குழாயில் வளர்த்தால் எப்படிக் காணும்?

வழி கண்டவர் லியோன் ஃபரல் என்ற பெண் விஞ்ஞானி. குரங்கின் சிறுநீரகக் கலங்களைப் பெரிய போத்தல்களில், ரொறன்ரோவிலேயே உருவான ‘மீடியம் 199’ ஊட்டத் திரவத்தில் இட்டு, தொட்டில்போல மெல்ல ஆட்டவைத்தார். அதில் வைரஸ் பெருகியது. அதற்கு ‘ரொறன்ரோ முறை’ என்றே பெயர்.

1955 ஏப்ரல் 12, தடுப்பூசி வேலை செய்கிறது என்று அறிவித்தார்கள். சோல்க் உலகப் புகழ் பெற்றார். ஃபரலைப் பலருக்குத் தெரியாது.

அடுத்த முறை அந்த வளைவில் ஸ்ட்ரீட்கார் திரும்பும்போது, அவரையும் நினையுங்கள்.