தென்காசி வட்டார நரி வேட்டை

தென்காசி வட்டார நரி வேட்டை என்பது குற்றால மலைக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் மானாவாரி நிலங்களில் வேட்டை நாய்களைக் கொண்டு நடந்த வேட்டை. இந்த வட்டாரத்தில் ‘காடு’ என்றால் பெரும்பாலும் புன்செய் நிலம்தான். மரங்கள் அடர்ந்த காட்டை ‘மலை’ என்றே சொல்வார்கள். இந்த வேட்டை நடந்தது மலையில் அல்ல, காட்டில்.

குற்றாலத்தையும் வேட்டையையும் சேர்த்துச் சொன்னால் திரிகூட ராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியே முதலில் நினைவுக்கு வரும். அதில் சிங்கனும் நூவனும் கண்ணி வைப்பது குற்றாலநாதரின் வயல்களில் மேயும் பறவைகளுக்கு. அது நன்செய் வேட்டை. அருவித் தண்ணீர் பாயும் அந்த வயல்களை விட்டுக் கிழக்கே சங்கரன்கோவில், திருவேங்கடம் பக்கம் போகப் போக மண் கறுத்து, கம்பும் சோளமும் பருத்தியும் உளுந்தும் விளையும் கரிசலாகிறது. முயலும் நரியும் அங்கேதான் அதிகம் இருந்தன.

நரி என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு விலங்குகள் உண்டு. ஒன்று குள்ளநரி. மற்றது அதைவிடச் சிறிய வங்கநரி. வால் நுனி கறுத்திருக்கும், திறந்த புன்செய்யில் வளை தோண்டிக் குடியிருக்கும். ஆட்டுக்காரர்களின் பகை குள்ளநரியோடுதான். அறுவடை முடிந்த நிலத்தில் எருவுக்காக ஆட்டுக் கிடை போடுவது இங்கே பழைய வழக்கம். இரவில் பெரிய ஆடுகள் திறந்த வெளியில் படுத்திருக்கும். குட்டிகளைக் கூட்டுக்குள் அடைத்துவிடுவார்கள். நரிக்கு நாட்டாண்மை கொடுத்தால் கிடைக்கு இத்தனை ஆடு கேட்கும் என்ற பழமொழி இந்தக் கிடையிலிருந்து வந்ததுதான். ஆனால் நரி ஆட்டுக்குட்டியை மட்டும் தின்று வாழ்வதல்ல. எலி, வயல் நண்டு, பறவை முட்டை, இலந்தைப் பழம், நிலக்கடலை எல்லாம் தின்னும். பயிரை அழிக்கும் எலியைத் தின்ற கணக்கை யாரும் வைக்கவில்லை; தூக்கிப்போன குட்டிகளின் கணக்கு மட்டும் தலைமுறைகளுக்கு நினைவில் நின்றது.

வேட்டைக்கு ஏற்ற பருவம் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கதிர் அறுத்த காடு வெறுந்தரையாகத் தெரியும். பனியில் நனைந்த மண்ணில் காலடித் தடம் பதியும். விடியலுக்கு முன்பே கிளம்புவதற்கு நாய்தான் முக்கியக் காரணம். இந்நாய்கள் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. விரட்டும் இரை கண்ணில் படும்வரை முழு வேகத்தில் ஓடும்; வெயில் ஏறினால் உடல் சூடாகிச் சீக்கிரம் இளைத்துவிடும். ஆகவே முதல் வெளிச்சத்துக்கும் வெயிலுக்கும் இடைப்பட்ட சிறு பொழுதே வேட்டைப் பொழுது.

அந்நாய்களில் சிப்பிப்பாறையும் கன்னியும் முதன்மையானவை. சிப்பிப்பாறை என்பது கரிசலில் உள்ள ஓர் ஊர். இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒடுங்கிய இடுப்பு, நீண்ட கால், ஆழ்ந்த மார்பு: திறந்த நிலத்தில் முயலைத் துரத்தவே உருவான உடல். மலையடிவாரத்தில் பன்றி வேட்டைக்கு இது போதாது. அதற்குக் கனத்த எலும்புள்ள இராஜபாளையமும் கோம்பையும் வேண்டும். கன்னி நாயைப் பெரும்பாலும் விற்கமாட்டார்கள். உறவினருக்குக் கொடுப்பார்கள், கல்யாணச் சீராக அனுப்புவதும் உண்டு.

சிவகிரி, ஊத்துமலை, சொக்கம்பட்டி போன்ற பாளையங்களுக்கு வேட்டை ஒரு பெருமிதம். 1801 டிசம்பரில் கவர்னர் எட்வர்டு கிளைவின் அறிவிப்பு பாளையக்காரர்களும் அவர்களது ஆட்களும் ஈட்டியும் துப்பாக்கியும் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என்றது. ஆயுதம் அருகிப்போன ஊர்களில் வேட்டையின் சுமை நாயின் மேல் விழுந்திருக்க வேண்டும். நாய்க்கு யாரும் உரிமம் கேட்கவில்லை. இதே காலத்தில் நீலகிரியில் ஆங்கிலேயர் தங்கள் நாட்டு நரிவேட்டை நாய்களைக் கப்பலில் கொண்டுவந்து, சிவப்புக் கோட்டு அணிந்து, குதிரையேறி உதகையின் புல்வெளிகளில் குள்ளநரியைத் துரத்தினார்கள். அந்த ‘ஊட்டி ஹண்ட்’ பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. கரிசலில் வெறுங்காலோடு நாயின் பின்னே ஓடியவர்கள் தங்கள் வேட்டையை எழுதிவைக்கவில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்ற வேட்டையையும் நிறுத்திய 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்த வேட்டையைக் குற்றமாக்கின. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குள்ளநரி முதல் அட்டவணையில், புலியும் யானையும் உள்ள வரிசையில் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலப் பண்ணைகளில் குள்ளநரியின் உறவான கொயோட்டேயைக் குளிர்காலக் காலையில் சுடுவது இன்றும் சட்டப்படியான வேலை. இங்கே பொங்கலை ஒட்டிச் சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் வங்கநரியைப் பிடித்து, கோயிலைச் சுற்றி ஓடவிட்டு, பிறகு காட்டில் விட்டுவிடும் வழக்கத்துக்கும் வனத்துறை அபராதம் விதிக்கிறது. நரி முகத்தில் விழித்தால் அந்த ஆண்டு நன்றாயிருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

சட்டம் வந்ததால் மட்டும் நரி பிழைத்துவிடவில்லை. நாய் வேட்டை ஒடுங்கிய இடத்தில் அவுட்டுக்காய் வந்தது. இரைக்குள் வைத்த நாட்டு வெடி அது. பன்றிக்கு வைத்தாலும் நரி கடித்தால் நரியின் தாடை போகும், யானை கடித்தால் யானையின் வாய் போகும். விரட்டி ஓடும் நாய்க்கு எதை விரட்டுகிறோம் என்றாவது தெரியும். தரிசும் மேய்ச்சல் நிலமும் மனைகளாகவும் காற்றாலை நிலங்களாகவும் மாறியது இன்னொரு காரணம். முட்டையைத் தின்ன நரி இல்லாததால்தான் மயில் பெருகி வெள்ளாமையை அழிக்கிறது என்று விவசாயிகள் பலர் சொல்கிறார்கள். அது முழுக் காரணமாக இல்லாமலிருக்கலாம். ஆனால் நரி போனதை ஒரு நஷ்டமாக விவசாயி பேசுவது இதுவே முதல்முறை.

நாய்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று இராஜபாளையத்துக்கு. சிப்பிப்பாறைக் குட்டிகள் இன்று சென்னை அடுக்ககங்களுக்குப் போகின்றன. ஓடுவதற்கு அங்கே மொட்டைமாடிதான் உண்டு. ஆட்டுக்காரர்களுக்கோ பகை தீரவில்லை. அண்மை ஆண்டுகளில் திருப்பூர் மாவட்டம் காங்கேயம் பகுதியில் பட்டிகளுக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றவற்றுக்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் சாலையில் அமர்ந்தார்கள். கடித்தவை நரிகள் அல்ல, தெருநாய்கள்.