காணாமற்போனவர் என்னும் பெயர்ச்சொல்

ஸ்பானிய மொழி கற்கத் தொடங்குவோர் விரைவிலேயே 'தெசாபரெசீதோ' என்ற சொல்லை எதிர்கொள்வர். மறைதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. ஒரு பெயருக்குப் பின்னால் நின்றால் அடைமொழி: காணாமற்போன நாய், அழிந்துபோன நகரம். 'ஊன்', 'எல்' போன்ற சிறுசொல் ஒன்றை முன்னே பெற்றுத் தனித்து நின்றால் பெயர்ச்சொல்: காணாமற்போனவர். நம் இலக்கணப்படி முன்னது பெயரெச்சம். பின்னது வினையாலணையும் பெயர். தமிழில் விகுதி சேர்ந்து வடிவம் மாறும். ஸ்பானியத்தில் நிற்கும் இடமே மாறும். பாடநூலில் இது அரைப்பக்கச் செய்தி. அர்ஜென்டீனாவிலோ ஒரு தலைமுறையின் வரலாறு.

1976 மார்ச் 24 அன்று அங்கே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மாணவர், தொழிற்சங்கத்தார், ஆசிரியர் எனப் பலர் வீட்டிலும் தெருவிலும் கடத்தப்பட்டு, புவெனஸ் அயர்ஸின் கடற்படை இயந்திரவியல் பள்ளி போன்ற இரகசிய முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மயக்கமருந்து செலுத்தப்பட்டு விமானங்களிலிருந்து நீரில் வீசப்பட்டோர் பலர். கைது செய்ததற்குப் பதிவில்லை, உடலும் இல்லை. உடல் இல்லாததால் கொலையும் இல்லை என்பது ஆட்சியாளரின் கணக்கு.

1979 டிசம்பரில் செய்தியாளர் ஒருவர் இதுபற்றிக் கேட்டபோது ஆட்சித்தலைவர் விதேலா சொன்ன விடையின் சாரம் இது: காணாமற்போனவர் ஓர் அறியப்படாப் பொருள், உயிரோடும் இல்லை, இறக்கவும் இல்லை, இருப்பே அற்றவர். அடைமொழிக்கு அருகே ஒரு பெயர் வேண்டும்; காணாமற்போன மகன், காணாமற்போன மகள் என்று சொல்ல வேண்டும். விதேலாவின் வாயில் அந்த மகனும் மகளும் உதிர்ந்து, வெற்றுப் பெயர்ச்சொல் மட்டுமே எஞ்சியது.

உதிர்ந்த பெயர்களை மீட்டவர்கள் தாய்மார்கள். 1977 ஏப்ரல் 30 அன்று பதினான்கு பெண்கள் மே சதுக்கத்தில் கூடினர். கூடி நிற்பது குற்றமென்றதால் இருவர் இருவராக நடந்தனர். பின்னர் வெள்ளைத் தலைத்துணி அவர்களின் அடையாளமாயிற்று. அவர்களுள் முதன்மையானவரான அசுசேனா வில்லாஃப்ளோர் அதே ஆண்டு டிசம்பரில் கடத்தப்பட்டார். அவருடைய எச்சங்கள் 2005இல்தான் அடையாளம் காணப்பட்டன. காணாமற்போனோரை இறந்தவராக அறிவிக்க வழிசெய்த 1979ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தாய்மார்கள் ஏற்கவில்லை. கொண்டுசென்றவர் யார் என்ற கேள்வி அதில் புதைந்துவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இலக்கணமும் அவர்கள் பக்கம் நகர்ந்தது. ஸ்பானிய மூலவினை இயல்பாகத் தன்வினை: சூரியன் மறையும், வலி மறையும். மக்கள் அதைப் பிறவினையாக்கி, 'அவனை மறைத்தார்கள்' என்ற பொருளில் வழங்கலாயினர். வினைக்கு எழுவாய் கிடைத்தது. குற்றத்துக்குக் குற்றவாளி கிடைத்தான். மக்களாட்சி திரும்பியபின் எழுத்தாளர் எர்னெஸ்தோ சாபதோ தலைமையிலான ஆணையம் 1984இல் 8,961 பேரைப் பட்டியலிட்டது. மனித உரிமை அமைப்புகள் கூறும் தொகை 30,000. 1985இல் விதேலாவுக்கு ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது. இடையில் மன்னிப்புப் பெற்றாலும், 2013இல் அவர் இறந்தது சிறையில்தான்.

இச்சொல்லை 'மறைந்தவர்' என்று தமிழாக்குவது தவறாகும். நம் வழக்கில் மறைந்தவர் என்றால் இறந்தவர். தாய்மார்கள் ஏற்க மறுத்த பொருளே அது. சரியான தமிழை அகராதியைவிட ஈழத்துத் தாய்மாரிடம் கற்கலாம். இலங்கை அரசு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைத்த அலுவலகத்தின் பெயரில் இருப்பது 'காணாமற்போன ஆட்கள்'. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர்போராட்டம் தொடங்கிய உறவினர்கள் சொல்வது 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்'. போனவர் தாமே போயிருக்கக்கூடும். ஆக்கப்பட்டவர் என்றாலோ ஆக்கியவர் ஒருவர் உண்டு. அவர் விடை சொல்லியாக வேண்டும்.