புனித அந்திரேயா ஆலயம், புனித ஜார்ஜ் கோட்டை

சென்னைக் கோட்டையின் வெள்ளையர் நகரில் 1642 முதல் ஏறத்தாழ 110 ஆண்டுகள் விளங்கிப் பின்னர் இடிக்கப்பட்ட கத்தோலிக்க ஆலயம். எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட ஸ்காட்லாந்து சபையாரின் அந்திரேயா ஆலயம் வேறு.

தோற்றம்: கோட்டை எழுந்த புதிதில் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியக் குடும்பங்கள் வந்து குடியேறுவதைக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பியது. படைக்கும் வணிகத்துக்கும் அவர்கள் தேவைப்பட்டனர். பெகு நாட்டுக்குச் செல்லும் வழியில் 1642-இல் இங்கு வந்த பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி எப்ரேம் தெ நெவேரை அவர்களுக்குக் குருவாக இருத்திக்கொண்டது. அவர் கட்டிய சிற்றாலயமே இது. ஆங்கிலத் திருச்சபையின் புனித மரியாள் ஆலயம் கோட்டைக்குள் திருநிலைப்படுத்தப்பட்டது 38 ஆண்டுகள் கழித்து, 1680 அக்டோபர் 28 அன்றுதான். எப்ரேம் பள்ளி ஒன்றும் நடத்தினார். கத்தோலிக்கப் பிள்ளைகளோடு ஆங்கிலேயப் பிள்ளைகளும் அதில் படித்தனர்.

எப்ரேம் கைது: ரோமாபுரியின் மறைபரப்புப் பேராயம் அனுப்பிய குருவை, மயிலை மறைமாவட்டத்தின் மீது போர்ச்சுகல் மன்னருக்கிருந்த பதுரவாதோ எனும் திருச்சபைப் புரவலர் உரிமையை மீறியவராகவே சாந்தோம் குருக்கள் கண்டனர். 1649-இல் ஒரு பூசலைத் தீர்த்துவைக்க வருமாறு அழைத்து, அங்கே அவரைச் சிறைப்பிடித்துக் கோவாவின் மறைவிசாரணை மன்றத்துக்கு அனுப்பினர். சமயக் கோட்பாட்டுக் குற்றங்கள் சுமத்தப்பட்டாலும், அடிப்படை அதிகாரப் போட்டியே. கோல்கொண்டா அரசு சாந்தோமை நெருக்கிய பின்னரே அவர் விடுதலையாகிச் சென்னைக்குத் திரும்பினார். மீண்டும் பல்லாண்டுகள் இவ்வாலயத்திலேயே பணியாற்றினார். 

அழிவு: 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749-இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியதும், கத்தோலிக்கர் எதிரிக்கு உதவினர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சிலர்மீது எழுந்த ஐயத்துக்கு ஒரு சமூகமே விலை கொடுத்தது: கத்தோலிக்கர் வெள்ளையர் நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர், ஆலயம் பறிக்கப்பட்டுத் தரைமட்டமாக்கப்பட்டது. குடியேற ஆள் தேவைப்பட்ட 1642-இல் பிரெஞ்சுக் கப்புச்சின் குருவின் நாடும் சமயமும் கம்பெனிக்குத் தடையாகத் தோன்றவில்லை என்பது நினைக்கத்தக்கது. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டிய அர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் வேப்பேரியில் எழுப்பிய சிற்றாலயமும் இதே அலையில் கைமாறி, 1752-இல் பப்ரிசியஸ் முதலிய புரோட்டஸ்டண்ட் மறைப்பணியாளர்களிடம் சேர்ந்தது.

பின்னர்: கப்புச்சின் குருக்கள் கோட்டைக்கு வெளியே அரண்மனைக்காரத் தெருவில் தங்கள் பணியைத் தொடர்ந்தனர். அங்குள்ள புனித மரியன்னை ஆலயம் 1952 முதல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் இணைப் பேராலயம்.