ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு சிறுநீரில் ரத்தமா?

கிட்னி கல்லுக்கு முதுகுப் பக்கம் துளை போட்டு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கும் வந்தாச்சு. முதல் சில நாள்கள் லேசா சிவப்பா போன சிறுநீரும் தெளிஞ்சிடுச்சு. பத்து நாள் கழிச்சு திடீர்னு மறுபடியும் ரத்தம், கட்டி கட்டியா! 'சூடுதான், இளநீர் குடி' என்பார்கள் வீட்டில். அதை நம்பி உட்கார்ந்துடாதீங்க.

ஆபரேஷனில் கிட்னியின் ரத்தக்குழாய்ச் சுவரில் சின்னக் காயம் பட்டிருக்கலாம். அதில் கசியும் ரத்தம் பலூன் மாதிரி உப்பி நிற்கும். சுற்றியுள்ள திசுதான் அதைப் பிடித்து வைத்திருக்கும். முழுமையான சுவர் கிடையாது. அதனால் எப்போது வேண்டுமானாலும் உடையலாம். டாக்டர்கள் இதை 'சூடோஅன்யூரிசம்' என்கிறார்கள். கிட்னியில் கட்டியை மட்டும் வெட்டி எடுத்தவர்களுக்கும் அபூர்வமாக வரும்.

பயம் வேண்டாம், மறுபடி வயிற்றைக் கிழிக்கும் வேலை பெரும்பாலும் இருக்காது. சி.டி. ஆஞ்சியோகிராமில் கசிவு இருக்கும் இடம் தெரிந்துவிடும். தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாகவே கிட்னி வரை அனுப்புவார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, கசியும் கிளையில் மட்டும் குட்டி உலோகச் சுருள்களை வைத்து அடைப்பார்கள். அந்தக் கிளையை நம்பியிருந்த சிறு பகுதி செயலிழக்கும். மீதிக் கிட்னி தப்பிக்கும். இந்த வசதி இல்லாத காலத்தில் கிட்னியையே எடுக்க வேண்டி வந்தது.

கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கோங்க. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் மறக்காமல் சொல்லுங்க. தலைசுற்றல், படபடப்பு இருந்தா பைக் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்க.