நாட்டின் பெயர் இல்லாத கைநூல்

அந்நிய நாட்டில் இருந்துகொண்டு பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெயர் தெரிந்த ஆள் ஒருவர் அகப்பட்டால் உடனே கட்டுரை கேட்டுவிடுவார்கள். 1990களின் தொடக்கத்தில் பாங்கொக்கில் இருந்த பர்மிய அகதிகளும் அதைத்தான் செய்தார்கள். அவர்களது பத்திரிகையின் பெயர் 'கித் பியாங்'. அதன் ஆசிரியர் ஊ டின் மவுங் வின், ஜீன் ஷார்ப் என்ற அமெரிக்கரிடம், இராணுவ ஆட்சியிலிருந்து பர்மா எப்படி மீளலாம் என்று எழுதித் தரும்படி கேட்டார். தனக்குப் பர்மாவைச் சரியாகத் தெரியாது, தெரியாத நாட்டுக்கு வழி சொல்லி எழுதுவது நேர்மையல்ல என்றார் ஷார்ப். சர்வாதிகாரம் என்ற பொருளைப் பற்றிப் பொதுவாக வேண்டுமானால் எழுதலாம் என்று ஒத்துக்கொண்டார். அந்தக் கட்டுரைகள் 1993இல் வெளிவந்து, பிறகு சிறுநூலாகின. 'சர்வாதிகாரத்திலிருந்து ஜனநாயகத்துக்கு' என்பது அதன் தலைப்பு. இன்று அது 30க்கு மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது.

எமக்கு ஆலோசகர்களுக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. எங்கள் ஊரின் வரைபடத்தைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர்கள்கூட எமக்குத் தீர்வு எழுதித் தந்திருக்கிறார்கள். அதனால்தான் தெரியாது என்று சொன்ன ஒரு ஆலோசகரின் கதையைச் சொல்லத் தோன்றுகிறது.

ஷார்ப் 1928இல் ஒஹையோ மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், ஊர் ஊராக மாற்றலாகிப் போகும் புரட்டஸ்தாந்து போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கொரிய யுத்தகாலத்தில் கட்டாய இராணுவ சேவைக்கு ஒத்துழைக்க மறுத்து 9 மாதங்கள் சிறையிலிருந்தார். அப்போது அவர் சுத்தமான காந்தியர். காந்தியைப் பற்றி எழுதிய முதல் நூலுக்கு அல்பேர்ட் ஐன்ஸ்ரைன் முன்னுரை தந்தார். நூல் 1960இல் அகமதாபாத்தில் வெளியாயிற்று. 1983இல் அவர் தொடங்கிய இலாபநோக்கற்ற நிறுவனத்துக்கு 'அல்பேர்ட் ஐன்ஸ்ரைன் நிறுவனம்' என்று பெயர் வந்தது இந்த நன்றிக்கடனால்தான்.

அவரை மாற்றிய இடங்களில் ஒன்று நோர்வே. 1950களின் பிற்பகுதியில் ஒஸ்லோவுக்கு வந்து, ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்து ஆசிரியர்களின் எதிர்ப்பை ஆராய்ந்தார். இங்கே வாழும் எம்மவரின் பிள்ளைகள் அதைப் பள்ளியில் படிக்கிறார்கள். பெற்றோருக்குத்தான் அவ்வளவாகத் தெரியாது. 1942இல் குவிஸ்லிங்கின் அரசு எல்லா ஆசிரியர்களையும் ஒரே நாஸிச் சங்கத்தில் கட்டாயமாகச் சேர்க்கச் சட்டம் கொண்டுவந்தது. நாட்டிலிருந்த சுமார் 12,000 ஆசிரியர்களில் 8,000க்கும் 10,000க்கும் இடைப்பட்டோர், சேரமாட்டோம் என்று ஏறத்தாழ ஒரே வாசகத்தில் கடிதம் எழுதி, பெயரும் விலாசமும் வைத்து அனுப்பினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள். 500 பேர்வரை 'ஸ்கியெர்ஸ்டாட்' என்ற கப்பலில் அடைக்கப்பட்டு, வடகோடியில் கிர்கெனெஸ் என்ற இடத்துக்குக் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மற்றவர்கள் பணியவில்லை. சங்கம் உருவாகவேயில்லை. அந்த ஆண்டு நவம்பருக்குள் எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் அகிம்சாவாதிகள் அல்லர் என்பதுதான் ஷார்ப்பை யோசிக்கவைத்தது. அவர் தேடிப் பார்த்த மற்றப் போராட்டங்களிலும் அப்படியே. முதலில் அது அவருக்குச் சங்கடமாக இருந்ததாம். பிறகு, மனிதர் புனிதராகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றல்லவா இதற்குப் பொருள் என்று பிடித்துக்கொண்டார். ஆள்பவனின் பலம் ஆளப்படுபவர் தரும் கீழ்ப்படிவில் இருக்கிறது. அதைத் திட்டமிட்டு, பகுதி பகுதியாகத் திருப்பி எடுக்கலாம் என்பது அவரது கணக்கு. 1973இல் வந்த பெருநூலில் 198 வழிமுறைகளைப் பட்டியலிட்டார். கடைசி வழிமுறை, ஒரு சமாந்தர அரசாங்கத்தை நிறுவுவது. அதை வாசித்தபோது எனக்கு 1961 நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணக் கச்சேரி வாசலை வாரக்கணக்கில் மறித்து, ஏப்ரலில் சொந்த முத்திரை அடித்துத் தபால் சேவை நடத்திய தமிழரசுக் கட்சி, இராணுவம் வந்த அன்றைக்கு என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. ஷார்ப் அக்கறை கொண்டது அந்த மறுநாளில்தான்.

அவருக்கு வந்து சேர்ந்த துணைகளில் விசித்திரமானவர் றொபேட் ஹெல்வே. வியட்நாமில் போரிட்ட கேணல். ரங்கூனில் அமெரிக்கத் தூதரகத்தின் இராணுவ அதிகாரியாக இருந்தவர். ஹாவார்ட்டில் ஷார்ப்பின் கூட்டமொன்றுக்கு, சமாதானப் பிரியர்களை வேடிக்கை பார்க்கலாம் என்று போனார். ஷார்ப்போ அதிகாரத்தைக் கைப்பற்றுவது பற்றிப் பேசினார். சிப்பாய்க்கு அது உடனே விளங்கிற்று. இருவருமாகத் தாய்லாந்து எல்லையில் ஆற்றோரத்திலிருந்த மனெர்ப்ளோ முகாமுக்குப் போனார்கள். 1949 முதல் ஆயுதத்தோடு நின்ற கரென் மக்களின் தலைமையகம் அது. துவக்குகளின் நடுவே வகுப்பு நடந்தது. அங்கிருந்த போராளிகளின் துணிச்சலில் ஷார்ப்புக்குச் சந்தேகமில்லை. எதிரி எதில் மிகப் பலமாக இருக்கிறானோ அதையே தமது களமாகத் தெரிந்திருக்கிறார்களே என்பதுதான் அவரது கேள்வி.

1995 ஜனவரியில் மனெர்ப்ளோ விழுந்தது. அதற்குக் காரணம் கைநூலல்ல. கரென் பௌத்தர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து இராணுவத்தோடு சேர்ந்துகொண்டார்கள். உள்பிளவு எப்படி முடியும் என்பதை எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை.

யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்குப் பயன்படாத நூல் வேறு எங்கெல்லாமோ போனது. எந்த நாட்டின் பெயரும் மையமாக இல்லாததால், வாசித்தவர் ஒவ்வொருவரும் தன் நாட்டையே அதில் கண்டார். சேர்பியாவில் 'ஒட்போர்' இளைஞர்கள் அதை மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு வசந்தத்தில் ஹெல்வே புடாபெஸ்ட் ஹோட்டலொன்றில் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அக்டோபர் 5இல் மிலோசவிச் வீழ்ந்தார்.

இங்கே ஒரு முள் இருக்கிறது, மறைக்கக்கூடாது. புடாபெஸ்ட் பயிற்சிக்குப் பணம் அமெரிக்க அரசின் நிதி பெறும் அமைப்பொன்றிலிருந்து வந்தது. 2007இல் வெனிசுவேலாவின் சாவேசும் 2008இல் ஈரான் அரசும் ஷார்ப்பை அமெரிக்காவின் கையாள் என்றன. நோம் சொம்ஸ்கி உட்பட இடதுசாரி அறிஞர் பலர் ஒரு பகிரங்கக் கடிதத்தில் அதை மறுத்தார்கள். நான் அவரைக் கையாள் என்று நம்பவில்லை. ஆனால் அறிவு யாருக்கும் பொதுவானது என்று ஒருவர் சொல்லும்போது, அதைக் கற்றுக்கொள்ள விமானச்சீட்டு யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஒட்போருக்கு ஹோட்டல் கிடைத்தது. மேற்கு நாடுகளுக்கு நெருக்கமான அரசுகளின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நிறுவனமும் அப்படியொன்றும் செழிக்கவில்லை. 2000களின் நடுப்பகுதியில் பெருங்கொடை நின்றபின், கிழக்கு பொஸ்ரனில் அவரது சொந்த வீட்டின் கீழ்த்தளமே அலுவலகமாக இருந்தது. அவரும், ஆப்கானிஸ்தானில் பிறந்து அகதியாக அமெரிக்கா வந்த ஜமீலா ராகிபும்தான் அங்கே பிரதான ஊழியர்கள். மேல்மாடியில் ஓர்க்கிட் செடிகள் வளர்த்தார். பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் அந்தப் படியேறி வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். பாங்கொக் பத்திரிகையாசிரியருக்குச் சொன்ன பதில்தான் அவர்களுக்கும். 2009இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டியும் வெளியிட்டார். அதில் திட்டம் எதுவும் இல்லை. எந்தெந்தப் பக்கங்களை வாசித்துவிட்டு நீங்களே உங்கள் திட்டத்தைப் போடவேண்டும் என்ற பட்டியல் இருந்தது. ஏறத்தாழ 900 பக்கங்கள்.

2018 ஜனவரியில், 90 வயதில் அவர் காலமானார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2021 பெப்ரவரி 1இல் பர்மிய இராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தபோது, முதலில் வேலையை விட்டு வெளியே வந்தவர்கள் வைத்தியர்களும் தாதிமாரும். பிறகு ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள். இரவு எட்டு மணிக்கு வீடுகளில் சட்டி பானை தட்டினார்கள். 198இல் பல அங்கே நடந்தன. இராணுவம் தலையைக் குறிபார்த்துச் சுட்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில் சமாந்தர அரசு ஆயுத யுத்தத்தைப் பிரகடனம் செய்தது. இளைஞர்கள் பழைய எல்லைக் காடுகளுக்கு, கரென் முகாம்களுக்குப் போனார்கள், துவக்குப் பிடிக்கப் பழகுவதற்காக.